மாத்திரைக் கவர்களில் ஒரு வருஷம்

“யாராவது கொஞ்சம் மேல வாங்க...”

நூலகப் படிக்கட்டின் உச்சியிலிருந்து வந்த அந்தக் குரலில் கெஞ்சல் மருந்துக்குக்கூட இல்லை. அதட்டல்தான் இருந்தது.

கீழே மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். இன்னொருவர் திடீரென்று மழையை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது ஆள் மருந்துக்கடைக்காரன். நடக்க முடியாத ஒரு நோயாளிக்கு வீட்டில் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டவன். அவன் மட்டும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான்.

ஏறியவன் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டான்...

பெரிய கண்கள் எத்தனையோ பேருக்கு உண்டு. இவளுடைய கண்கள் கோபப்படுவதா அழுவதா என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தன. நெற்றியில் ஒட்டிய ஈர முடியை முழங்கையால் ஒதுக்கினாள். இரண்டு கைகளிலும் நனைந்து தொங்கும் பழைய ஷூ டப்பாக்கள்.

“என்ன பார்த்துக்கிட்டே நிக்கறீங்க... பிடிங்க.”

பிடித்தான்.

மாடியில் இருந்தது அந்த ஒரே அறைதான். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் பத்தொன்பது பேர், தங்களுக்குரிய நாளில் நாலு மணிக்கு மேல் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் அவள் பக்கத்தில் உட்கார வைத்து இருபது நிமிஷம் படிக்க வைப்பாள். இன்றைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் மழை வந்துவிட்டது. கூரை ஒழுகியது. ஒழுகியதும் எங்கே... சரியாக அலமாரிக்கு மேலே.

“மிச்ச டப்பாவையும் மேஜைக்கு மாத்துங்க. நான் ஆபீஸ்ல சொல்லி ஆள் கூட்டிட்டு வரேன். எதுவும் நனையாமப் பார்த்துக்கோங்க.”

“சரிங்க டீச்சர்.”

போகத் திரும்பியவள் நின்றாள். “நான் டீச்சர்னு யார் சொன்னது?”

“இந்த அதட்டலுக்கு வேற என்ன வேலை குடுப்பாங்க...”

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அதே சமயம் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. ஓடினாள்.

ஆபீஸில் ஆளைப் பிடித்து, அவர் கூரைக்காரரைப் பிடித்து, அவர் போனை எடுத்து... ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. அறைக்குள் காலை வைத்தவளுக்கு வேறு யாருடைய அறைக்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

அவ்வளவு ஒழுங்கு. புத்தகங்கள் உயர வரிசையில் நின்றன. எழுத்து அட்டைகள் அகர வரிசையில் ரப்பர் பேண்டுக்குள். சொல் அட்டைகள் தனியே, பட அட்டைகள் தனியே. தரைகூடத் துடைத்திருந்தது. அவன் கையைத் துடைத்தபடி, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி நின்றான்.

“டப்பா எல்லாம் எங்க?”

“ஊறி அடி பிஞ்சிருச்சுங்க, தூக்கிப் போட்டுட்டேன். ஒரே புஸ்தகம் நாலஞ்சு டப்பாவுல சிதறிக் கிடந்துச்சு... எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துட்டேன். எங்க கடையில மருந்து அடுக்கற மாதிரி.”

“உள்ள... துண்டுத்தாள் இருந்துச்சே?”

“ஆமா, எல்லாம் ஈரம். அதையும் குப்பைன்னு கீழ தொட்டியில...”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அவனுக்கு எப்படித் தெரியும், பாவம். அந்தப் பத்தொன்பது டப்பாவும் பத்தொன்பது பிள்ளைகள். ஒவ்வொரு டப்பாவிலும் மூன்று புத்தகம் இருக்கும். ஒன்று, பிள்ளை ஏற்கெனவே படித்து முடித்தது. உட்கார்ந்ததும் அதைப் படித்தால் தைரியம் வரும். இரண்டாவது, இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது. மூன்றாவது, ‘எனக்கு இது வேணும்’ என்று அதுவே எடுத்து வைத்திருப்பது. பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்றெல்லாம் டீச்சர் துண்டுத்தாளில் தேதி போட்டு எழுதி அந்தந்தப் புத்தகத்துக்குள் செருகியிருப்பாள். பிள்ளையின் பெயர் தாளில் இருக்காது. எதற்கு? டப்பாதான் இருக்கிறதே... டப்பா இருந்ததே.

“யாரைக் கேட்டு இதையெல்லாம் கலைச்சீங்க?”

“இல்லங்க, உதவியா இருக்கட்டும்னு...”

“நான் கேட்டேனா உங்க உதவியை? தூக்கி மேஜைல வைங்கன்னுதானே சொன்னேன்? அது குப்பை இல்ல. பத்தொன்பது பிள்ளைங்களோட ஒரு வருஷம். சனிக்கிழமை நூலக அதிகாரி வர்றாங்க. பிள்ளைங்க தேறியிருக்குன்னு காட்டலைன்னா இந்த ரூமைக் கம்ப்யூட்டர் வைக்க எடுத்துக்குவாங்க. எதை வச்சுக் காட்டுவேன் நான்... உங்க அகர வரிசையையா?”

குரல் படியிறங்கி வாசல்வரை போயிற்று. கீழே, மழை விட்டும் போகாமல் நின்றவரின் செய்தித்தாள் தாழ்ந்தது.

அவன் “குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும்?” என்று மட்டும் கேட்டான்.

“இனிமே இந்தப் படி ஏறாதீங்க.”

“சரிங்க. வண்டி எத்தனை மணிக்கு?”

பதில் வராது என்று தெரிந்ததும் இறங்கி ஓடி, வாசல் தொட்டியில் தான் போட்டிருந்த குப்பைப் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

டீச்சரை அடங்காப்பிடாரி என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்ந்தது அக்கா வீட்டில். அக்காவும் நல்லவள்தான், அத்தானும் நல்லவர்தான். ஆனால் செய்ததையெல்லாம் சொல்லிக்காட்டாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ‘நாங்க இல்லேன்னா நீ என்ன ஆகியிருப்ப?’ என்ற கேள்விக்குப் பதினைந்து வருஷமாகத் தலையைக் குனிந்து பதில் சொன்னவள், யாரிடமும் ஒரு குண்டூசிகூட வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். வாங்கினால்தானே நன்றி சொல்ல வேண்டும்...

மறுநாள் மதியம் இரண்டு மணி. கூரையில் வேலை நடந்ததால் வகுப்பு கிடையாது. அவள் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இது யார் கையில் இருந்தது என்று நினைவை உருட்டிக்கொண்டிருந்தாள். படியில் காலடிச் சத்தம்.

“படி ஏறக் கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இருக்குங்க. கடைசிப் படியிலயே நின்னுக்கறேன்.”

கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதை நீட்டினான். எட்டிப் பார்த்தவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். உள்ளே, மாத்திரையைப் பிரித்துப் போட்டுக் கொடுக்கும் சின்னஞ்சிறு கண்ணாடிக் கவர்கள். ஒவ்வொரு கவரிலும் ஒரு துண்டுத்தாள். காய்ந்து, நீவிவிடப்பட்டு, சுருக்கமில்லாமல்...

“நூத்தி நாப்பத்தி மூணு இருக்கு. ஃபேனுக்கு அடியில பரப்பி, ஒவ்வொண்ணா திருப்பிப் போட்டேன். மை கலைஞ்சு போனதுல ஒரு இருபது மட்டும் கஷ்டம். மத்ததைப் படிச்சிட்டேன்.”

“படிச்சீங்களா? என் கையெழுத்தையா? என் அக்காவாலயே முடியாது.”

“நான் பத்து வருஷமா டாக்டர் சீட்டு படிக்கறவன். ஆனா சொல்லக் கூடாது... உங்க எழுத்தோட பார்த்தா அவங்கல்லாம் முத்து முத்தா எழுதறாங்க.”

இந்தத் தடவை அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணும் நிறைந்துவிட்டது. நன்றி என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்து... அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“உள்ள வாங்க” என்றாள்.

அதுவே பெரிய விஷயம். அவனுக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைவரை, கடையில் கூட்டம் ஓயும் இரண்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போனான். அவன் தாளைப் படிப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, யார் என்று சொல்வாள்.

“‘ஒரு வரி படிச்சா மூணு கேள்வி கேக்குது.’”

“குட்டி வக்கீல். ஜன்னல் பக்கம் வைங்க.”

“‘எழுத்தைப் பார்க்காம படத்தைப் பார்த்தே கதை சொல்றான். படத்தை மூடு.’”

“ஜோசியர். அவனுக்கு நாய்க் கதைதான்.”

“‘புள்ளி வச்ச எழுத்தையெல்லாம் முழுங்கிடறான்.’ ஐயோ, இதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லையே டீச்சர்.”

“வாயை மூடிட்டுப் படிங்க.”

“வாயை மூடிட்டு எப்படிங்க படிக்கறது?”

பிய்ந்துபோன ஷூ டப்பாக்களுக்குப் பதிலாக இருமல் மருந்து வந்த பெட்டிகள் பத்தொன்பதை ஒரே அளவில் வெட்டிக் கொண்டுவந்தான். பெட்டிக்குள் மூன்று புத்தகம், எழுத்து அட்டை, தேதி வரிசையில் கவர்கள். இப்போது ஒரு பெட்டியை எடுத்தாலே ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் ஏறி வந்த படியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தது. அவள் இதை இத்தனை நாளில் யோசித்ததே இல்லை.

வியாழக்கிழமை ஒரு தாளை எடுத்தவன் உடனே படிக்கவில்லை.

“என்ன... புரியலையா?”

“‘சத்தமே வரலை. உதடு மட்டும் அசையுது. அவசரப்படுத்தாதே’ன்னு இருக்கு.”

“மௌனம்” என்றாள் அவள், குரல் இறங்கி. “அப்படித்தான் கூப்பிடுவேன். அந்தப் பொண்ணு வந்து ஆறு மாசம் வாயே திறக்கலை. இப்ப மூணு வரி படிக்கும். எனக்கு மட்டும்தான் கேக்கும்.”

“‘அவசரப்படுத்தாதே’... இது அந்தப் பொண்ணுக்கு எழுதினது இல்லையே. உங்களுக்கே நீங்க எழுதிக்கிட்டது.”

அவள் தலையசைத்தாள். அவன் அந்தக் கவரை மௌனத்தின் பெட்டியில் வைத்தான். வைத்த கை கொஞ்ச நேரம் பெட்டியை விட்டு வரவில்லை. திங்கட்கிழமை அப்படித் திட்டியவளா இவள்... ஆறு மாசம் ஒரு குரலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தவளா... அவ்வளவுதான், நம் மருந்துக்கடைக்காரன் கதை அங்கே முடிந்தது.

அவன் வீட்டில் வேறு கதை. செய்தித்தாள்காரர் புண்ணியத்தில் விஷயம் திங்கட்கிழமையே மருந்துக்கடை அம்மாவின் காதுக்குப் போயிருந்தது. “நாலு பேர் கேக்க உன்னை அந்தப் பேச்சு பேசியிருக்கா. நீ திரும்பத் திரும்ப அங்க போய் நிக்கற. ரோஷம்னு ஒண்ணு இருக்கா உனக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“நம்ம கடையில அது ஸ்டாக் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான்.

சனிக்கிழமை வந்தது.

நூலக அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்கும் அம்மாள். குட்டி வக்கீல் ஒரு பக்கம் படித்துவிட்டு, ‘நீங்க ஏன் எழுதி வச்சுக்கறீங்க?’ என்று அவரையே விசாரித்தது. ஜோசியர் படத்தை மூடிக்கொண்டு படித்தான். டீச்சருக்கு மூச்சு வந்தது. அடுத்து மௌனம்.

அந்தச் சிறுமி புத்தகத்தை விரித்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“ம்... படி” என்றார் அதிகாரி.

வரவில்லை. அரை நிமிஷம் போயிற்று. டீச்சரின் நகம் உள்ளங்கையில் அழுந்தியது. ஒரு வார்த்தை சொல்லி அவசரப்படுத்தினால் படித்தாலும் படித்துவிடுவாள்... சொல்லவில்லை. குழந்தையின் முதுகில் கையை வைத்து, “பரவாயில்லடா, இன்னிக்கு வேணாம்” என்றாள்.

“ஒரு வருஷத்துல இவ்வளவுதானா?” என்று அதிகாரி பேனாவை எடுத்தார். எடுத்தவர் கண் அந்தப் பெட்டிக்குள் விழுந்தது. ஒரு கவரை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

“இதுல என்ன எழுதியிருக்கு?”

டீச்சர் படித்தாள். சத்தமே வரலை, அவசரப்படுத்தாதே. அடுத்த கவர்... என் விரலைப் பிடிச்சுக்கிட்டு வரியைத் தொட்டது. அடுத்தது... என் காதுல ஒரு சொல் சொன்னது, ‘மழை’. அதற்கடுத்தது... முழுசா ஒரு வரி. வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு அடுத்தடுத்த பெட்டிகளை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “ரூம் உங்களுக்குத்தான். கம்ப்யூட்டரை வேற எங்கயாவது வச்சுக்கறேன்” என்றார். “நானும் எத்தனையோ இடம் பார்த்திருக்கேன். ஒரு பிள்ளை நடந்து வந்த வழியை யாரும் இப்படிக் காட்டினது இல்ல. தேதிவாரியா, கவர் போட்டு... யார் அடுக்கினது?”

வாசலில், அப்போதுதான் முடித்துக் கொண்டுவந்த கடைசிப் பெட்டியோடு அவன் நின்றிருந்தான்.

அவள் அவனைப் பார்த்தாள். நாக்கில் பதினைந்து வருஷப் பழக்கம் உட்கார்ந்திருந்தது.

“நான்தான் மேடம். நானே... தனியாத்தான்.”

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் சொல்லியாகிவிட்டது. அவன் முகம் மாறவில்லை. பெட்டியைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தான். மௌனத்தின் தலையை ஒரு தடவை தடவினான். படியிறங்கிப் போய்விட்டான்.

ஞாயிறு போயிற்று. திங்கள், இரண்டு மணி... வரவில்லை. ஏன் வருவான்? வேலைதான் முடிந்துவிட்டதே என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே படியைப் பார்த்தாள். செவ்வாய், இரண்டேகால். பெட்டிகள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எதை எடுத்தாலும் கைக்கு வந்தது. ஒவ்வொரு தடவை கைக்கு வந்தபோதும் நெஞ்சில் சுருக்கென்றது.

அக்கா வீட்டில் அன்று காலையும் அதே பேச்சு. ‘நாங்க இல்லேன்னா...’ முதல்முறையாக அவளுக்கு ஒன்று உறைத்தது. அவன் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை. குப்பையைக் கிளறினேன் என்று சொல்லவில்லை. இத்தனை நேரம் மெனக்கெட்டேன் என்று சொல்லவில்லை. அதிகாரி முன்னால் ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலை தொங்கியிருக்கும். அதையும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு ஆள் உதவி செய்ய முடியுமா? கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட முடியுமா?

புதன்கிழமை காலை அதிகாரியின் அறைக்குப் போய் நின்றாள்.

“மேடம், அன்னிக்கு நான் சொன்னது பொய். அதை அடுக்கினது நான் மட்டும் இல்ல. தாளைக் காப்பாத்தினது, கவர் போட்டது, பெட்டி வெட்டினது எல்லாம் மருந்துக்கடைக்காரர்.”

அதிகாரி ஃபைலிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. “தெரியும்மா. கவருக்குக் கவர் கடை பேர் அச்சடிச்சிருக்கே. நீங்க எப்ப வந்து சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

அவள் முகத்தில் அசடு வழிந்தது. வழியட்டும். அந்த அசட்டோடேயே நேராக மருந்துக்கடைக்கு நடந்தாள்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவன் அம்மா. ஏற இறங்கப் பார்த்தாள். யார் என்று சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

“என்ன வேணும்?”

“உங்க... பையன்...”

“அதெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கறதில்ல.”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் காது மடல் சிவந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று கால் கேட்டது. போகவில்லை.

“அம்மா, உங்க பையனை நாலு பேர் கேக்கத் திட்டினேன். தப்பு என் மேலதான். அதனால இதையும் நாலு பேர் முன்னாடியே சொல்லிடறேன்.”

பின்னாலிருந்த மருந்து அலமாரிகளுக்கு நடுவே அவன் வந்து நின்றான். கையில் ஏதோ மாத்திரை அட்டை. அவள் அவனைப் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

“எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சாலும் ஆயுசுக்கும் அதைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்ங்க. அதனால யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுன்னு இருந்தேன். உங்ககிட்ட வாங்கிட்டேன்... அந்த ரூமை, அந்தப் பிள்ளைங்களை, என்னோட ஒரு வருஷத்தை. வாங்கிட்டு, நானே செஞ்சேன்னு பொய்யும் சொன்னேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லலை. ரொம்ப... ரொம்ப நன்றிங்க. இத்தனை வருஷத்துல நான் மனசோட சொல்ற முதல் நன்றி இதுதான்.”

 வரிசையில் முதலில் நின்றவர் தன் சீட்டை மெதுவாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அவசரமில்லை என்பதுபோல.

“அன்னிக்கு வலிச்சுது டீச்சர்” என்றான் அவன். “இல்லேன்னு சொன்னா பொய். ஆனா உங்களுக்கு அதைவிட அதிகமா வலிக்கும்னு தெரிஞ்சுது. அதான் அதிகாரி முன்னாடி எதுவும் சொல்லாம கிளம்பி வந்துட்டேன்.”

அம்மா மகனைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

“குடிம்மா. நாங்க சொல்லிக்காட்ட மாட்டோம்.”

அவ்வளவு நேரம் கெட்டியாக நின்றவள் அந்த ஒரு பேச்சில் உடைந்துவிட்டாள். குடித்தாள். கண்ணீரும் தண்ணீரும் சேர்ந்தே இறங்கின. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனிடம் கேட்டாள்.

“நாளைக்கு ரெண்டு மணிக்கு வருவீங்களா?”

“வரேங்க. இன்னும் என்ன அடுக்கணும்?”

“ஒண்ணும் இல்ல. எல்லாம் நீங்க வச்ச இடத்துலயே இருக்கு.”

“அப்புறம் என்ன உதவி...”

“உதவி எதுவும் வேணாம்” என்றாள் அவள். “நீங்க வேணும்.”

அவனுக்குப் பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.